அப்புச்சியின் தகரப் பெட்டியில் பின்-அப் படங்கள்: வைத்துக்கொள்வதா, விற்பதா, போகிக்குப் போடுவதா?

ஃபிட்டர் பேத்தி (குன்னூர்)

வணக்கம். தீப்பெட்டி லேபிள், பழைய கேலண்டர், சினிமா பாட்டுப் புத்தகம் என்று சேர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எதையும் சேர்ப்பவள் இல்லை. குன்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீம் கணக்கில் வாங்கி, பக்கக் கணக்கில் விற்பதுதான் எனக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு. இப்போது வீட்டில் ஒரு விவகாரம், தெரிந்தவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அதனால் இங்கே.

ஐப்பசி மழையில் பரண் ஒழுகியது. ஓடு மாற்ற ஆள் வந்ததால் மேலே இருந்த சாமான்களை எல்லாம் இறக்கினோம். அதில் அப்புச்சியின் தகரப் பெட்டி. என் அம்மாவின் அப்பா அவர். அவிநாசிப் பக்கத்திலிருந்து இளவயதில் மலையேறி வந்து, ஒரு தேயிலை ஃபாக்டரியில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். திருநீற்றுப் பட்டை இல்லாமல் வாசற்படி இறங்க மாட்டார். அம்மிச்சி உயிரோடு இருந்தவரை அந்தப் பெட்டியைத் திறக்க விட்டதில்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

மேலே ஒரு கோட்டு, துருப்பிடித்த ஸ்பேனர்கள், முருகன் படம், பி.எஃப். காகிதங்கள். அதற்குக் கீழே ஆங்கிலச் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்ட ஒரு கட்டு. பிரித்தது நான். பக்கத்தில் அம்மா, தம்பி, ஓடு மாற்ற வந்தவர். உள்ளே முழுக்கப் பெண்கள்! ஒருத்தியின் பாவாடை வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி காலில் நாய்ச் சங்கிலி சுற்றிக்கொண்டு விழப் போகிறாள். எல்லோரும் உதட்டை ‘ஓ’ என்று குவித்து நம்மையே பார்க்கிறார்கள். ஓட்டுக்காரர் "நான் அப்புறமா வர்றேனுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

கட்டில் இருந்தவை இவை. மை ஒற்றும் அட்டைகள் ஏழு, ஒவ்வொன்றும் சுமார் நாலுக்கு ஒன்பது அங்குலம். முன்பக்கம் வழவழப்பாகப் படம், பின்பக்கம் மொத்தமான ஒற்றுத்தாள், அதில் மைக் கறை. படத்துக்குக் கீழே ஏதோ அமெரிக்க ஹார்டுவேர் கடையின் பெயரும் போன் நம்பரும். தபால் கார்டு அளவில் பின்பக்கம் வெறுமையான கெட்டி அட்டைகள் மூன்று. ரிட்ஜிட் என்ற குழாய் ரென்ச் கம்பெனியின் 1955 கேலண்டர் ஒன்று, அதன் பின்னட்டையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சிவப்புத் துணி மேல் படுத்திருக்கும் மர்லின் மன்றோ, பெரிய தாளில். அவரிடம் துணி என்று இருப்பது அந்தச் சிவப்புத் துணி மட்டும்தான்.

இது எப்படி வந்தது என்றால், அம்மா சொல்வது இது: ஃபாக்டரித் துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது வீட்டைக் காலி செய்ய அப்புச்சிதான் உதவி செய்தாராம். கோட்டும் ஒரு பெட்டிச் சாமானும் கொடுத்துவிட்டுப் போனாராம். கோட்டு எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை முழுக்க அதைத்தான் போட்டிருப்பார்.

இனி என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் என்று தினமும் லேமினேஷன் போடுகிற கை. ஒற்றட்டைகளில் ஒன்று ஓரம் பிரிந்து பூசணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ‘சரி, பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று கடைக்குக் கொண்டுபோய் பௌச்சில் வைத்து மெஷினில் விட்டேன். வெளியே வந்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை. அதைப் படம் எடுத்து அனுப்பினேன், தம்பி போனில் அலறிவிட்டான்.

அம்மா எல்லாவற்றையும் போகிக்குப் போடச் சொல்கிறார். தம்பி இணையத்தில் பார்த்துவிட்டு மர்லின் மட்டுமே லட்சத்துக்குப் போகும் என்கிறான். எனக்கு இவை என்ன, அசலா, இந்த ஊர் ஈரத்தில் எப்படி வைப்பது என்று தெரிந்தால் போதும். லேமினேஷனை உரிக்க முடியுமா என்பதும்.

அரவங்காடு

அக்கா, ஓட்டுக்காரர் திரும்பி வந்தாரா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

கோத்தகிரி காகிதம்

அம்மா, முதலில் ஒன்று: லேமினேஷனை நகத்தால் கிள்ளிப் பார்க்கக்கூட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அதற்குத் தகுந்தவர் இங்கே ஒருவர் இருக்கிறார், வருவார்.

நான் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷமாகக் கேலண்டர் சேர்க்கிறேன். பெரும்பாலும் சிவகாசி, கோவில்பட்டி சாமி படங்கள். கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை. பின்-அப் என் அலமாரியில் ஒரு தட்டுதான். என்றாலும் இரண்டும் ஒரே வியாபாரம் என்பதைச் சேர்க்கச் சேர்க்கத்தான் புரிந்துகொண்டேன். மேலே ஊரே பார்க்கிற மாதிரி ஒரு படம். கீழே வெறுமையாக ஒரு பட்டை. அந்தப் பட்டையில் ஜவுளிக்கடையோ எண்ணெய் மண்டியோ தன் பெயரை அச்சடித்து வருஷப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுக்கும். நம் ஊரில் மேலே லட்சுமி. அங்கே பாவாடை மாட்டிக்கொண்ட பெண். சுவரில் வருஷம் முழுக்கத் தொங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஊசி குத்தி மாட்டுவதால்தான் பின்-அப் என்றே பெயர்.

இந்த வியாபாரத்தின் பெரிய கம்பெனி மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரிலிருந்த பிரவுன் அண்ட் பிக்லோ. 1896-ல் தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை: முதலாளி பிக்லோ 1920களில் வரி ஏய்ப்புக்காக ஜெயிலுக்குப் போனார். உள்ளே சார்லி வார்டு என்ற கைதியோடு பழக்கம். வெளியே வந்ததும் அவருக்குக் கம்பெனியில் வேலை கொடுத்தார். முதலாளி இறந்தபின் கம்பெனியை நடத்தியவர் அந்த வார்டுதான். பின்-அப்பின் பொற்காலம் அவர் கையில்தான் நடந்தது.

நீங்கள் சொல்லும் நாய்ச் சங்கிலி, வேலிக் கம்பி, ‘ஓ’ உதடு எல்லாம் கில் எல்வ்கிரன் பாணி. 1937-லிருந்து அதே ஊரின் லூயி டௌ கம்பெனிக்கு வரைந்தார். 1940களின் நடுவில் பிரவுன் அண்ட் பிக்லோவுக்கு மாறி 1970களின் தொடக்கம் வரை அங்கேயே. பெண்ணை ஸ்டூடியோவில் நிற்க வைத்துப் படம் பிடித்து, அதைப் பார்த்து முப்பதுக்கு இருபத்துநாலு அங்குலக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். அவர் போனபிறகு டௌ கம்பெனி சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த அவருடைய பழைய ஓவியங்களில் வாகன் பாஸ் என்பவரை விட்டு உடையையும் தலைமுடியையும் மாற்றித் தீட்டி மறுபடி விற்றது. அதனால் முகம் எல்வ்கிரன், சட்டை வேறு ஆள் என்கிற படங்கள் உண்டு. உங்கள் ஏழில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வயதைக் கண்டுபிடிக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், கீழே உள்ள விலாசத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு இலக்க எண் இருந்தால் அது 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவில் பெரிய ஊர்களுக்கு அப்போதுதான் தபால் மண்டல எண் இருந்தது. 1963-ல் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்துவிட்டது. போன் நம்பர் சின்னதாக இருந்தாலும் பழசு. சில ஒற்றட்டைகளில் மூலையில் அந்த மாதத்துக் கேலண்டரே இருக்கும், அப்படியானால் வேலை மிச்சம்.

பின்பக்கம் வெறுமையான கெட்டி அட்டைகள் பெரும்பாலும் மியூட்டோஸ்கோப் கார்டுகள். திருவிழாக் கூடங்களில் இருந்த மெஷினில் ஒரு காசு போட்டால் ஒன்று விழும். 1940களின் சரக்கு.

ரிட்ஜிட் கேலண்டர் ஒரு ஃபிட்டரின் பெட்டியில் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒஹாயோவில் எலிரியா என்ற ஊர்க் கம்பெனி. 1950களில் அவர்களுக்குப் படம் வரைந்தவர் ஜார்ஜ் பெட்டி. 1933 முதல் எஸ்கொயர் பத்திரிகையில் போனும் கையுமாகப் பெண்களை வரைந்து பேர் வாங்கிய ஆள். அவருக்குப் பிறகு எஸ்கொயருக்கு வந்தவர் பெருவில் பிறந்த ஆல்பர்ட்டோ வர்காஸ். பெயரில் கடைசி எழுத்தை வெட்டி ‘வர்கா’ என்று போட்டது பத்திரிகை. 1946-ல் அவர் விலகிய பிறகு அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டுக்குப் போனது. பத்திரிகைதான் ஜெயித்தது, மனிதர் தன் பெயரைத் தானே போட முடியாமல் நின்றார்.

மர்லின் படத்தைப் பற்றி உங்கள் தம்பிக்குக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 1949 மே மாதம் டாம் கெல்லி எடுத்த புகைப்படம் அது, ஓவியம் இல்லை. மர்லினுக்குக் கிடைத்த கூலி 50 டாலர். சிகாகோவின் பாம்கார்த் கம்பெனி 500 டாலருக்கு வாங்கி ‘கோல்டன் ட்ரீம்ஸ்’ என்ற பெயரில் கேலண்டராக அடித்தது. 1953 டிசம்பரில் பிளேபாய் முதல் இதழுக்குள் போனதும் அந்த வரிசைப் படம்தான். உலகத்தில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப அச்சடித்த கேலண்டர் படங்களில் இது ஒன்று. ஆகையால் அசல் என்று நம்பாமல் தொடங்குவதே நல்லது. (சில ஊர்களுக்காக மேலே கறுப்பு லேஸ் உடை அச்சடித்து மறைத்த பதிப்பும் உண்டு. உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.)

சோதனைக்கு வேண்டியவை உங்கள் கடையிலேயே இருக்கும். கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு உண்டா? இருட்டு அறையில் படத்தின் பின்பக்கத்தில் அடியுங்கள். 1950 வாக்கிலிருந்துதான் காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அது இருந்தால் சோப்புத் தூளில் துவைத்த வேட்டி மாதிரி நீலமாக மின்னும். பழைய தாள் மங்கலாகக் கிடக்கும். மின்னாவிட்டால் பழசு என்று அடித்துச் சொல்ல முடியாது, மின்னினால் சந்தேகப்படலாம்.

அப்புறம் ஒரு லென்ஸை எடுத்து கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்து ஒரே மையாக, ஓரம் சுத்தமாக இருக்கும். அச்சைப் படம் பிடித்து அடித்ததில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விலை: எல்வ்கிரன் 1947-ல் வரைந்த ஒரு எண்ணெய் ஓவியம் 2011 ஏலத்தில் 286,800 டாலருக்குப் போனது. அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பரணை நோண்டுகிறார்கள். உங்களிடம் இருப்பது அதன் அச்சுப் பிரதி, இலவசமாகக் கொடுத்தது. ஒற்றட்டை ஒன்றுக்குக் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடும் காசு வரும். அதுவும் மை படாததற்கு. பயன்படுத்தியதற்கு இன்னும் குறைவு. வெட்டு விழுந்த கேலண்டருக்கு டீச் செலவு.

நேர்வழி

ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இதை எல்லாம் விளக்கு அடித்துப் பார்க்கப் போகிறீர்களா? பெரியவர் செய்த தவறை ஊருக்குச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? அம்மா சொல்வதுதான் சரி. கொளுத்துங்கள். இதை விற்பதும் சட்டப்படி குற்றம்.

மைதா பசை (ஊட்டி)

நேர்வழி அவர்களே, 2014-ல் உச்ச நீதிமன்றம் அவீக் சர்க்கார் வழக்கில் இதைத்தான் பேசியது. வெறும் நிர்வாணம் என்பதால் ஒரு படம் ஆபாசம் ஆகிவிடாது, மொத்தமாக, இன்றைய சமூக அளவுகோலில் பார்க்க வேண்டும் என்றது. இந்த ஒற்றட்டைப் பெண்கள் நம் சினிமாப் பாட்டுக்கு வருபவர்களை விட அதிகமாகவே உடுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று. இவற்றைப் பெண்கள் பார்க்கக் கூடாது என்றால், வரைந்த பெண்களை என்ன செய்வது? ஜோயி மோசர்ட் என்பவர் கண்ணாடி முன்னால் தானே நின்று, தன்னையே பார்த்து வரைந்தார். பெர்ல் ஃப்ரஷ் இருந்தார். ஜாய்ஸ் பாலன்டைன் இருந்தார். கடற்கரையில் குழந்தையின் ஜட்டியை நாய் இழுக்கிற காப்பர்டோன் விளம்பரம் நினைவிருக்கிறதா, அந்தப் படம் அவர் கை. எனக்கு இந்த ‘ஐயோ விழுந்துவிட்டேன்’ பாவனை பிடிக்காது. வேலை செய்யும் ஒரு பெண்ணும் இந்தப் படங்களில் ஏணியில் ஒழுங்காக நிற்பதில்லை. அது என் அபிப்பிராயம், கொளுத்தக் காரணம் இல்லை.

அக்கா, லேமினேஷனுக்கு வருகிறேன். நான் புத்தகம் தைப்பவள், பழைய காகிதம் பழுது பார்ப்பவள். ஒற்றட்டை என்பது வழவழப்பான படத்தாளை உறிஞ்சு தாளின் மேல் ஒட்டியது. உறிஞ்சுவதற்கென்றே செய்த தாளில் மெஷின் சூட்டில் உருகிய பசை இறங்கியிருக்கிறது. உரித்தால் உங்கள் கையில் பௌச்சும் வரும், தாளின் மேல்தோலும் வரும். அயர்ன் பாக்ஸ் வைத்துச் சூடு காட்டி எடுக்கலாம் என்று இணையத்தில் வீடியோ இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். கரைப்பான் வைத்துப் பயிற்சி உள்ளவர்கள் மெதுவாகப் பிரிப்பார்கள், அதிலும் மை பரவும் ஆபத்து உண்டு. என்னைக் கேட்டால், உள்ளே பூசணம் உயிரோடு இல்லை என்றால், இப்படியே விட்டுவிடுவேன். ஓரத்தை வெட்டிச் சின்னதாக்கவும் வேண்டாம்.

மற்ற ஆறும் தப்பட்டும். நம் ஊர்களில் காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். ஊட்டிக்கு ஆடி மழை, குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழை, நாள் மட்டும்தான் வேறு. பூசணம் இருப்பதை வெயில் காயும் நாளில் வெளியே நிழலில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டுங்கள். நேர் வெயிலில் காயப்போட்டால் சிவப்பு முதலில் ஓடிவிடும். ஈரத்துணி கூடவே கூடாது.

உறை வாங்கும்போது மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பி.வி.சி., சில வருஷத்தில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். பின்னால் அமிலம் இல்லாத அட்டை. செலோடேப், ஃபெவிகால், ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப் எதுவும் கிட்ட வரக் கூடாது. தகரப் பெட்டியே நல்லதுதான், துருவைத் தேய்த்துவிட்டு உள்ளே துணி விரியுங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் அந்தச் சுவரில் காளானே முளைத்தது. சிலிக்கா ஜெல் போட்டால் நீலத்தை விட்டுவிட்டு ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் சட்டியில் போட்டு வறுக்கிற பொருள் இல்லை. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் கட்டி மூலையில் போடலாம், ஓலைச்சுவடிக்கு நம்மவர்கள் செய்ததுதான். காகிதத்தின் மேல் படக் கூடாது, கறை விடும். அந்துருண்டை வேண்டாம்.

ஒன்று கேட்கட்டுமா? பின்பக்கம் மைக் கறை என்றீர்கள். அது யாருடைய மை?

கொடை மூஞ்சிக்கல்

துரை சீமைக்காரர், படங்கள் அமெரிக்கா. அது எனக்கு இடிக்கவில்லை. எங்கள் கொடைக்கானலில் 1901 முதல் அமெரிக்க மிஷனரிகளின் பள்ளி இருந்ததால், பழைய பங்களா காலி செய்யும்போது அமெரிக்கப் பத்திரிகைகளும் கேலண்டர்களும் மூட்டையாக வரும். பைபிளுக்கு அடியில் பின்-அப் இருந்த பெட்டியை நானே வாங்கியிருக்கிறேன். யார் வீட்டிலிருந்து என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஃபிட்டர் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. அரவங்காடு தம்பிக்கு முதலில்: ஓட்டுக்காரர் மறுநாளே வந்துவிட்டார், மகனையும் கூட்டிக்கொண்டு. பரணில் இன்னும் ஏதாவது இறக்க வேண்டியிருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார்.

ராத்திரி கடை ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்து, ஊதா விளக்கை எடுத்தேன். தம்பியும் வந்தான். மர்லினைத் திருப்பிப் போட்டு அடித்தால், ஐயா சொன்ன மாதிரியே, பொங்கலுக்கு வாங்கின புது வேட்டி. நீலமாக அப்படி ஒரு மின்னல். லென்ஸில் பார்த்தால் கீழே உள்ள எழுத்து எல்லாம் மணல் கொட்டின மாதிரி. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பல்பு வேற மாத்திப் பாக்கலாமா" என்றான்.

ஒற்றட்டைகள் ஆறும் கரி மாதிரி மங்கலாகக் கிடந்தன. விலாசத்தில் மில்வாக்கிக்குப் பக்கத்தில் 3 என்று ஒற்றை எண் இருக்கிறது. இரண்டில் மாதக் கேலண்டரே இருந்தது, 1951 மார்ச், 1951 ஜூன். நாலில் எல்வ்கிரன் கையெழுத்து வலது மூலையில் தெளிவாக இருக்கிறது. மற்றதில் ஒன்றும் இல்லை.

லேமினேஷன் போட்டதை உரிக்கவில்லை. ஆனால் மைதா பசை கேட்ட கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. துரையின் மை என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற ஆறிலும் மை மேல் மை விழுந்து ஒரே குழப்பம். லேமினேஷன் போட்டதில் மட்டும் நாலைந்து வரிதான் பதிந்திருந்தது. நான் முதலில் அதை ஆங்கிலச் சுழிப்பு என்று விட்டுவிட்டேன். ஸ்கேனரில் வைத்து, கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பினேன். கல்யாணப் பத்திரிகைக்கு டிரேசிங் எடுக்கும்போது செய்கிற வேலைதான்.

தமிழ். நீல மை. கடிதம் எழுதிவிட்டு ஒற்றியிருக்கிறார். முழு வரி ஒன்றும் இல்லை, எந்த இடத்தில் ஈரம் இருந்ததோ அது மட்டும். ‘ரூ 20 அனுப்பி’ என்று ஒரு இடம். ‘கிணத்துக்கு’ என்று ஒரு இடம். கீழே ‘மழை விடவில்லை’. அந்த ‘லை’ பழைய எழுத்து, 1978 சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதிய தும்பிக்கை வைத்தது. திருப்பாமல் பார்த்தபோது தும்பிக்கை எதிர்ப்பக்கம் வளைந்திருந்ததால்தான் எனக்கு அது தமிழாகவே தெரியவில்லை.

பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். படப் பக்கம் இல்லாமல் எழுத்தை மட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊரில் கிணறு ஆழப்படுத்த அப்புச்சி மாசா மாசம் பணம் அனுப்பினாராம், தண்ணீர் கடைசி வரைக்கும் வரவில்லையாம், அதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறார். "இந்தப் பொம்பளைங்களை வெச்சா எங்க ஆத்தாவுக்கு லெட்டர் ஒத்தினாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் மற்ற ஆறையும் திருப்பிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது, மை கலங்கிவிட்டது என்றேன். இன்னொரு தடவை முயற்சி செய் என்றார். அதனால் இப்போது கலர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் ‘சளி’ என்பது மட்டும் தேறியது.

போகிப் பேச்சு இப்போதைக்கு இல்லை. மர்லினை மட்டும் எரிக்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார், தம்பி தன் அறையில் மாட்டிக்கொண்டான். டூப்ளிகேட் என்பதால் ஊசி குத்தலாம் அல்லவா.

ஆரஞ்சு சிலிக்கா ஜெல் இங்கே கிடைக்கவில்லை, கோவையிலிருந்து வருகிறது. பாலியெஸ்டர் உறை எந்த மைக்ரான் வாங்குவது?

மைதா பசை (ஊட்டி)

எழுபத்தைந்து மைக்ரான் போதும், ஒற்றட்டை கனமாக இருந்தால் நூறு. நீலம் கலங்கியதற்கு ஸ்கேனில் சிவப்பு சானலை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், நீல மை அதில் கறுப்பாக எழும். துரையும் அதே அட்டையில் வேறு நிற மையில் ஒற்றியிருந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

கோத்தகிரி காகிதம்

வாங்கும் உறையில் இரண்டு எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வருகிறேன், உங்கள் அம்மா சம்மதித்தால் அந்த மியூட்டோஸ்கோப் கார்டுகளை ஒரு பார்வை பார்க்க வேண்டும். வாங்க வரவில்லை. ரிட்ஜிட் கேலண்டரில் வெட்டிய வட்டத்தை மட்டும் தேடி வையுங்கள். அது இருந்தால் பின்னால் வைத்துச் சேர்த்துவிடலாம், தாங்கிக்கொள்ளும்.

ஃபிட்டர் பேத்தி

ஞாயிறு தாராளமாக வாங்க ஐயா, சாப்பாடு இங்கேதான். வட்டத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அது கேஸ்கட்டுக்கு வெட்டினது. ஃபாக்டரி ஆயில் இன்ஜினைக் கழட்டினா உள்ள இருக்கும்" என்றார். ஃபாக்டரி பூட்டி ஒன்பது வருஷம் ஆகிறது.